வீட்டு முத்தத்துல கார் வேலை: மலைநாட்டு ஆளுங்க முதல்ல என்ன சாமான் வாங்கணும்?

கொட்டகலை_ஆல்டோ

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட மாருதி ஆல்டோ 800 ஒண்ணு இருக்கு, அப்பாவோட பழைய நிசான் சன்னி எஃப்பி 14 ஒண்ணும் நிக்குது. இஞ்சின் இறக்குற அளவுக்கு எல்லாம் ஆசையில்ல. ஒயில் மாத்துறது, பிளக் பாக்குறது, பிரேக் பேட் போடுறது, பேட்டரி கழட்டி மாட்டுறது, அவ்வளவுதான்.

ஹட்டன் டவுன்ல ஒரு ஹாட்வெயார் கடையில 108 சாமான் இருக்கிற சொக்கட் பெட்டி பாத்தேன். அதை வாங்கினா வேலை ஆரம்பிக்கலாமா? இன்னொரு விஷயம், வீடு மேட்டுல. கார் நிக்கிற அளவுக்குத்தான் இடம் வெட்டியிருக்கு, அதுவும் முழு சமதரைன்னு சொல்ல முடியாது. மண் தரை, மழை பெஞ்சா வழுக்கும். யூடியூப்ல பாடம் எடுக்கிறவங்க எல்லாம் சிமெந்து போட்ட கராஜுக்குள்ள நின்னு பேசுறாங்க. நம்ம பக்கத்து நிலைமை தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டிக்கோயா_பாஸ்

தம்பி, அந்தப் பெட்டியைத் தொங்கின இடத்துலயே விட்டுட்டு வாங்க. உங்க முதல் காசு வண்டியைத் தாங்குற சாமானுக்குப் போகணும். எக்ஸல் ஸ்டாண்ட் ரெண்டு, சில்லுக்கு வைக்கிற ஆப்புக்கட்டை நாலு, நல்ல பலகைத் துண்டு ரெண்டு. இதெல்லாம் வந்த பிறகு ஸ்பேனர் பத்திப் பேசுவோம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஹேன்ட்பிரேக் போட்டு கியர்ல விட்டா வண்டி நிக்கும்னு முக்காவாசிப் பேர் நம்புறாங்க. நாலு சில்லும் தரையில இருக்கிற வரைக்கும்தான் அது சரி. உங்க ஆல்டோவும் சன்னியும் முன் சில்லு இழுக்கிற வண்டி. முன்னாடி ஒரு சில்லைத் தூக்கிட்டீங்கன்னா டிஃபரென்ஷியல் (ரெண்டு சில்லுக்கும் சுத்தலைப் பிரிச்சுக் கொடுக்கிற கியர்) வழியா அந்தத் தூக்கின சில்லு சும்மா சுத்தும், தரையில இருக்கிற மத்த சில்லு தாராளமா உருளும். அப்ப கியர் இருந்தும் இல்லாத மாதிரித்தான், பின்னாடி ஹேன்ட்பிரேக் மட்டும்தான் பிடிக்கும். பழைய சன்னியில அந்தக் கேபிள் எவ்வளவு நீண்டு போயிருக்குன்னு உங்க அப்பாவைக் கேளுங்க.

பின்னாடி ரெண்டையும் தூக்கினா ஹேன்ட்பிரேக் அந்தரத்துல நிக்கும், கியர் மட்டும்தான் மிச்சம். டவுன்ஏஸ், ஹைஏஸ் மாதிரி பின் சில்லு இழுக்கிற வேன்ல பின்னாடி ரெண்டையும் தூக்கினா கியரும் இல்ல, ஹேன்ட்பிரேக்கும் இல்ல. ஆப்புக்கட்டை ஒண்ணுதான் காப்பாத்தும்.

கட்டையைக் காசு கொடுத்து வாங்கணும்னு இல்ல. யூக்கலிப்டஸ் கட்டையை முக்கோணமா அறுத்துத் தரச் சொல்லி மரம் அறுக்கிற இடத்துல கேளுங்க. பள்ளத்துப் பக்கமா தரையில இருக்கிற சில்லுக்கு இறுக்கமா வைக்கணும். மண் தரைங்கிறதால ஸ்டாண்டுக்கு அடியில பலகை கட்டாயம், இல்லாட்டி மழைக்கு ஊறின மண்ணுல ஒரு கால் மட்டும் இறங்கிடும்.

பதுளை_டவுன்ஏஸ்

பாஸ் சொல்றதை மறுக்கல, ஆனா ரோட்டு வேலை வேற. எல்ல, ஹப்புத்தளைன்னு வெள்ளைக்காரங்களை ஏத்திக்கிட்டு ஓடுற எனக்கு ஸ்டாண்ட் எல்லாம் சீட்டுக்கு அடியில வைக்க இடமில்ல. போத்தல் ஜேக் ஒண்ணு, நீளமான வீல் பிரேஸ் ஒண்ணு, ரோட்டோரத்துல கிடைக்கிற கல்லு. ஆபத்துக்குக் கழட்டின சில்லையே வண்டிக்கு அடியில தள்ளி விட்டுருவேன். ஜேக் விழுந்தாலும் வண்டி சில்லு மேல உக்காரும். டயர் மாத்த இது போதாதா?

டிக்கோயா_பாஸ்

டயர் மாத்த போதும்ணே. சில்லை அடியில தள்ளுறது நல்ல பழக்கம், வீட்டுலயும் ஸ்டாண்டோட சேத்து அதைச் செய்யணும். ஆனா டயர் மாத்துறப்ப நீங்க வண்டிக்கு வெளியில நிக்கிறீங்க. ஒயில் மாத்துற தம்பி அடியில படுக்கிறார். ஹைட்ரோலிக் ஜேக்குல ஒரு சீல் கசிஞ்சா மெதுவா இறங்கிக்கிட்டே இருக்கும், படுத்திருக்கிறவனுக்குத் தெரியாது. ஜேக் தூக்குறதுக்கு மட்டும், தாங்குறதுக்கு ஸ்டாண்ட். சிமெந்துக் கல்லை அடுக்குறதை நான் பாத்திருக்கேன், அதை மட்டும் யாரும் செய்யாதீங்க. நடுவுல ஓட்டை உள்ள கல்லு பாரம் தாங்குற மாதிரியே இருந்துட்டு ஒரே நொடியில நொறுங்கும்.

கொட்டகலை_ஆல்டோ

நன்றி பாஸ். ஜேக் பத்திக் கேக்கணும். ஆல்டோவோட வந்த கத்தரி ஜேக் இருக்கு. போத்தல் ஜேக் வாங்கவா, இல்ல சில்லு வச்ச டிரொலி ஜேக் வாங்கவா?

டிக்கோயா_பாஸ்

போத்தல் ஜேக் வேனுக்கும் லொறிக்கும்தான் சரி. அதோட உயரமே காருக்குப் பிரச்சினை, டயர் காத்து இறங்கிக் கிடக்குற சின்னக் காருக்கு அடியில நுழையாது. டிரொலி ஜேக் நல்லது, ஆனா அது தூக்குறப்ப கொஞ்சம் உருண்டு நகரணும், அப்பத்தான் நேரா ஏறும். மண் தரையில சில்லு புதைஞ்சா நகராது, காரைப் பக்கவாட்டுல இழுக்கும். அதனால ஜேக்குக்கும் அடியில அகலமான பிளைவுட் பலகை போடுங்க. 2 தொன் ஜேக், 2 தொன் ஸ்டாண்ட் உங்க ரெண்டு காருக்கும் தாராளம்.

ஸ்டாண்ட் வச்ச பிறகு காரைக் கையால நல்லா ஆட்டிப் பாருங்க. இப்ப ஆடுச்சுன்னா இறக்கித் திரும்ப வைங்க.

வெலிமடை_மரக்கறி

இன்னொண்ணு, புல்லுத் தரையில படுத்தா அட்டை ஏறும். ரெஜிஃபோம் ஷீட் இல்லாட்டி பழைய பிளெக்ஸ் பேனர் ஒண்ணு விரிச்சுக்கங்க. உப்புப் பொட்டலமும் டூல்தான் 😄

ஜப்பான்_சாமான்

இப்ப அந்த 108 பெட்டிக்கு வருவோம். அதுல பாதிக்கு மேல ஸ்குரூட்ரைவர் முனை, நட்சத்திர முனை, ஆலன் முனைன்னு எண்ணிக்கையை ஏத்தி வச்சிருப்பாங்க. நீங்க உண்மையிலேயே கையில எடுக்கப் போறது 10, 12, 14, 17, 19, 21. ஜப்பான் வண்டிக்கு இவ்வளவுதான், 8 எப்பவாவது. ஆல்டோவோட வீல் நட் 19, சன்னிக்கு 21, அதனால ரெண்டும் வேணும். ஒயில் டிரெயின் பிளக் நிசான், டொயோட்டாவுக்கு பெரும்பாலும் 14, சுசுகிக்கு பெரும்பாலும் 17. பட்டா (டாடா ஏஸ்) லொறி வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் 13 கூடுதலா தேவைப்படும்.

அரை அங்குல ரெட்செட் ஒண்ணு, முக்கால்வாசி வேலைக்கு 3/8 அங்குல ரெட்செட் ஒண்ணு, எக்ஸ்டென்ஷன் ரெண்டு. சொக்கட் வாங்குறப்ப உள்ள பாருங்க: ஆறு முகமா, பன்னிரண்டு முகமான்னு. ஆறு முகம் வாங்குங்க. நம்ம பக்கம் எப்பவும் ஈரம், நட்டு துருப்பிடிச்சுத்தான் இருக்கும். பன்னிரண்டு முகம் மூலையில மட்டும் பிடிக்கிறதால துருப்பிடிச்ச நட்டோட முனையை உருட்டி விட்டுடும், அதுக்கப்புறம் வெல்டிங் கடைக்குத்தான் போகணும்.

கம்பனின்னு கேட்டா, காசு இருந்தா கோக்கன், கேடிசி, டோனே. ஜப்பான் சாமான், பேரப்பிள்ளை வரைக்கும் வரும். நடுத்தரத்துக்கு தைவானோட கிங் டோனி, டாப்டுல். அதுக்கும் கீழ இங்கோ, டோட்டல், எல்லா டவுன்லயும் கிடைக்கும், வீட்டு வேலைக்கு மோசமில்ல. என்னோட கருத்து: ரெட்செட்டும் 10, 12, 14 சொக்கட்டும் நல்லதா வாங்குங்க, மத்ததெல்லாம் மலிவா இருந்தாலும் பரவாயில்ல. கொழும்பு போற வேலை இருந்தா பஞ்சிகாவத்தையில சுத்திப் பாருங்க. ஸ்பேர் பார்ட்ஸுக்குப் பேர் போன இடம்தான், ஆனா பழைய ஜப்பான் கைச்சாமானும் சிலநேரம் மாட்டும்.

நானுஓயா_டீச்சர்

ஸ்டார் ஸ்குரூட்ரைவர் பற்றியும் சொல்லுங்களேன். என் வேகன் ஆர்-ல் ஒரு திருகாணி வழுக்கிக்கொண்டே இருக்கிறது. நல்ல விலை கொடுத்து வாங்கிய ஸ்குரூட்ரைவர்தான்.

ஜப்பான்_சாமான்

டீச்சர், அது உங்க கையோட குறையில்ல. ஜப்பான் வண்டியில வர்ற ஸ்டார் திருகாணி ஜிஸ் (ஜப்பானோட தர அளவு). நீங்க வாங்கினது பிலிப்ஸா இருக்கும். பாக்க ஒரே மாதிரி, ஆனா பிலிப்ஸ் முனை ஜிஸ் குழிக்குள்ள அடிவரைக்கும் இறங்காது, இறுக்கித் திருப்பினா மேல ஏறி வந்து குழியைத் தின்னுடும். திருகாணித் தலையில ஒரு சின்னப் புள்ளி இருந்தா அது ஜிஸ். வெசல் கம்பனியோட 2ம் நம்பர் ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க. கார், மோட்டார் சைக்கிள், பழைய ஜப்பான் ரேடியோ எல்லாத்துக்கும் அது ஒண்ணே போதும். இப்ப வழுக்குற திருகாணிக்கு ஸ்குரூட்ரைவரை வச்சு மேல சுத்தியலால ரெண்டு தட்டுத் தட்டிட்டுத் திருப்பிப் பாருங்க.

பதுளை_டவுன்ஏஸ்

டோர்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குறோம்னு அளந்து காட்டுற ஸ்பேனர்) வேணும்னு எல்லா இடத்துலயும் எழுதுறாங்க. தேவையா? கை பழகினா போதும்.

ஜப்பான்_சாமான்

உங்க கைக்குப் பழகியிருக்கும். புதுசா ஆரம்பிக்கிறவங்க பயத்துலயே இறுக்குவாங்க, வீல் பிரேஸ் மேல ஏறி நின்னு மிதிக்கிற ஆளும் இருக்கு. டொயோட்டா காருக்கு வீல் நட் 103 நியூட்டன் மீட்டர், சுசுகி சின்னக் காருக்கு 85 அளவு. அதுக்கு மேல போனா ஸ்டட் (வீல் நட் ஏறுற போல்ட்) நீளும், டிஸ்க்கும் சமமா உக்காராது. வீல் நட்டைக்கூட விடுங்க. ஒயில் பிளக்தான் எனக்குப் பயம். அது போற சம்ப் (அடியில ஒயில் நிக்கிற தொட்டி) சில வண்டியில அலுமினியம், ஒரு தடவை மரை போச்சுன்னா பெரிய செலவு. டோர்க் ரெஞ்ச் இரவல் வாங்குறதுக்கு ஏத்த சாமான். லயத்துல நாலு பேர்கிட்ட வண்டி இருந்தா சேந்து ஒண்ணு வாங்கலாம். வேலை முடிஞ்சதும் ஸ்பிரிங்கை ஆகக் குறைஞ்ச அளவுக்குத் தளர்த்தி வைக்கணும், நட்டுக் கழட்ட அதைப் பாவிக்கக் கூடாது.

டிக்கோயா_பாஸ்

இதுல நான் பதுளை அண்ணன் பக்கம் 🙂 ஆனா ஒயில் பிளக் விஷயத்துல நீங்க சொல்றது சரி. ஒவ்வொரு தடவையும் புது வாஷர் போடுங்க, அப்ப அதிகமா இறுக்க வேண்டிய தேவையே வராது.

அப்புறம் ஒரு விஷயம், சரிவுல நின்ன வண்டியில டிப்ஸ்டிக் பாத்து ஒயில் கூட ஊத்தாதீங்க. முன்பக்கம் தாழ்ந்திருந்தா ஒரு அளவு காட்டும், உயர்ந்திருந்தா இன்னொரு அளவு. பெட்ரோல் ஷெட்ல சமதரை இருக்கும், இஞ்சினை நிறுத்திச் சில நிமிஷம் விட்டு அங்க பாருங்க.

நெறியாளர்

கராஜ் விளம்பரமும் போன் நம்பரும் போட்ட ரெண்டு பதிவை நீக்கியிருக்கிறோம். சாமான் பற்றி மட்டும் பேசுவோம்.

வெலிமடை_மரக்கறி

நான் பட்டாவுல கெப்பெட்டிபொலைக்கும் நுவரெலியாவுக்கும் மரக்கறி ஏத்துற ஆள். எல்லாரும் ஸ்பேனர் பத்தியே பேசுறீங்க. நம்ம ரோட்டுல ஆளைக் கொல்றது பிரேக். ஹக்கல பக்கம் இறங்குறப்ப, ரம்பொடையில இறங்குறப்ப, சில நேரம் முன்னாடி போற வண்டியில இருந்து கருகின வாசம் வரும். பிரேக் ஒயில் மாத்த வீட்டுல என்ன வேணும்னு யாராவது விவரமா எழுதுங்க.

டிக்கோயா_பாஸ்

நல்ல கேள்வி. இதை நானே எழுதுறேன், கொஞ்சம் நீளும்.

பிரேக் ஒயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புது டொட் 3 வகை ஒயில் குறைஞ்சது 205 பாகை வரைக்கும் கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறினதுக்கு அந்தக் குறைஞ்ச அளவு 140தான். டொட் 4ல புதுசுக்கு 230, ஈரம் ஏறினதுக்கு 155. கண்டில ஓடுற வண்டிக்கு இந்த வித்தியாசம் தெரியாமலே போகலாம். நுவரெலியாவுல இருந்து கம்பளை வரைக்கும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்குற வண்டிக்குத் தெரியும். ஒயில் கொதிச்சா குழாயில ஆவி சேரும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் சாஃப்டா உள்ள போகும், வண்டி நிக்காது. பேட் புதுசா இருந்தும் பிரேக் இல்லைன்னு சொல்ற முக்காவாசி இறக்கத்துக் கதை இதுதான்.

ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. நிறம் கறுத்தாத்தான் மாத்தணும்னு இல்ல. லைட் எரியுற பேனா மாதிரி டெஸ்டர் விக்கிறாங்க, மலிவு. அதை முழுசா நம்ப வேண்டாம், பச்சை எரிஞ்சாலும் வருசம் முடிஞ்சிருந்தா மாத்துங்க. டொட் 3 போட்ட வண்டிக்கு டொட் 4 தாராளமா ஊத்தலாம், ரெண்டும் ஒரே இனம். டொட் 5ன்னு இருக்கிறது சிலிக்கன், அதைத் தொடாதீங்க. டொட் 5.1 வேற சாமான், அது கலக்கும்.

இப்ப சாமான். உள்ள தெரியுற மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம், பழைய தண்ணிப் போத்தல், பிளீட் நிப்பிளுக்கு (சில்லுப் பக்கம் பழைய ஒயிலை வெளிய விடுற சின்ன முனை) பொருந்துற ரிங் ஸ்பேனர் (ஓப்பன் ஸ்பேனர் போட்டு நிப்பிள் முனையை உருட்டிடாதீங்க), சீல் உடைக்காத புது ஒயில் டின், பெடல் மிதிக்க ஒரு ஆள். பிரேக் குழாயையே கழட்ட வேண்டி வந்தா ஃபிளேர் நட் ஸ்பேனர் தேவை, 10 அளவு. வீட்டுல முதல் தடவை செய்றவங்க அந்தக் குழாயைக் கழட்டப் போகாதீங்க.

மிதிக்கிற ஆள் மிதிச்சுப் பிடிக்கணும், நீங்க நிப்பிளைத் திறக்கணும், மூடின பிறகுதான் அவர் காலை எடுக்கணும். இந்த ஒழுங்கு மாறினா காத்தை உள்ள இழுத்துடும். பொதுவா தூரத்துல இருக்கிற சில்லுல ஆரம்பிக்கிறது, ஆனா வண்டிப் புத்தகத்துல வேற ஒழுங்கு இருந்தா அதுதான் சட்டம். மேல தொட்டியில ஒயில் குறைய விடாதீங்க. பெயின்ட்ல சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க. எல்லாம் முடிஞ்சதும் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி பெடலை மிதிச்சுப் பாத்து, முத்தத்துலயே ரெண்டு தடவை நிறுத்திப் பாத்துட்டுத்தான் ரோட்டுக்கு இறங்கணும்.

பேட் மாத்துறப்ப பிஸ்டனை உள்ள தள்ள ஜி கிளாம்ப் ஒண்ணு போதும். தள்ளுறப்ப தொட்டியில ஒயில் மேல வரும், முன்னாடியே பாத்துக்கங்க. பிரேக் தூசை வாயால ஊதாதீங்க, பிரேக் கிளீனர் அடிச்சுக் கழுவுங்க. பேட்டுக்கு அட்விக்ஸ், அகெபோனோ, நிஷின்போன்னு ஜப்பான் பேர் நிறைய இருக்கு, போலியும் அதே பெட்டியில வருது. ரசீது தர்ற கடையில வாங்குங்க.

வெலிமடை_மரக்கறி

பாஸ், இதை சேவ் பண்ணி வச்சிட்டேன். ஆனா ஒண்ணு சேக்கணும், எந்த ஒயிலும் கியரைக் குறைச்சுப் போடாதவனைக் காப்பாத்தாது. ஏறுறதுக்கு எந்த கியர் தேவையோ இறங்குறதுக்கும் அதே கியர்.

நானுஓயா_டீச்சர்

என் தங்கை அக்வா ஓட்டுகிறாள். அதில் கியர் இல்லையே, எப்படி இறங்குவது?

ஜப்பான்_சாமான்

அக்வா, பிரியஸ் ரெண்டுலயும் பி-ன்னு ஒரு நிலை இருக்கு டீச்சர். நீண்ட இறக்கத்துல அதுல போட்டா இஞ்சின் வண்டியைப் பிடிக்கும். டி-யிலயே விட்டா மின்சாரம் திரும்பி பேட்டரிக்குப் போகும், அந்த பேட்டரி நிறைஞ்சதும் அந்தப் பிடிப்பு குறைஞ்சிடும், மிச்ச பாரம் முழுக்க பிரேக் பேட் மேலதான். ரம்பொடை மாதிரி இறக்கத்துக்கு அது பத்தாது. சமதரையில பி தேவையில்ல, சும்மா பெட்ரோல் குடிக்கும்.

ஹைபிரிட் வண்டிக்கு வீட்டு வேலைன்னா பேட்டரி ஃபேனோட வலையைச் சுத்தம் பண்ணுறது வரைக்கும் போதும். ஆரஞ்சு நிற வயர் எங்க கண்டாலும் கையை எடுத்துடுங்க. அது பெரிய பேட்டரியோட வயர்: முதல் தலைமுறை அக்வாவுல 144 வோல்ட், மூணாம் தலைமுறை பிரியஸ்ல 201.6 வோல்ட்.

கொட்டகலை_ஆல்டோ

டயர் காத்து அளக்கிற கேஜ் வாங்கணுமா? பெட்ரோல் ஷெட்ல அடிக்கிறது போதாதா? கொழும்புல அடிச்ச காத்து இங்க வந்தா கூடும்னும் ஒருத்தர் சொன்னார், குறையும்னு இன்னொருத்தர் சொன்னார்.

கம்பளை_கணக்கு

ரெண்டு பேரும் பாதி சரி. கேஜ் காட்டுறது வெளிக்காத்துக்கும் டயருக்கு உள்ள இருக்கிற காத்துக்கும் உள்ள வித்தியாசம். நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்க வெளிக்காத்தோட அழுத்தம் கொழும்பை விட ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ குறைவு. அதனால கேஜ் 3 கூடக் காட்டணும். ஆனா குளிர்ல டயர் காத்து சுருங்கும், 15 பாகை வித்தியாசத்துக்கு 2 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் மேல குறையும். ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், கடைசியில பெரிய மாற்றம் இல்ல. மத்தியான வெயில்ல ஓடிப் போய் ஷெட்ல அளக்கிறதுதான் தப்பு. காலையில வண்டி எடுக்க முன்னாடி வீட்டுல அளக்கணும், அதுக்குத்தான் சொந்த கேஜ்.

இதே உயரம் ரேடியேட்டர்ல வேற வேலை காட்டும். நுவரெலியாவுல தண்ணி 94 பாகையிலயே கொதிக்கும். கார் கொதிக்காம ஓடுறது ரேடியேட்டர் மூடியோட அழுத்தத்தால. மூடியில 0.9 இல்லாட்டி 1.1ன்னு எழுதியிருக்கும், அந்த அழுத்தம் இருந்தா 115 பாகை தாண்டியும் கொதிக்காது. மூடி ரப்பர் வெடிச்சிருந்தா அந்தப் பாதுகாப்பு போச்சு. கொழும்புல ஒரு குறையும் காட்டாத வண்டி கினிகத்தேனை தாண்டி ஏறுறப்ப சூடு ஏறினா, இஞ்சின் ஹெட் கழட்டச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு புது மூடி போட்டுப் பாருங்க. அதே எண் உள்ள மூடி, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். சூட்டோட மட்டும் திறக்காதீங்க. பைப் தண்ணி ஊத்தாம கூலன்ட் போடுங்க. துருப்பிடிக்காம இருக்கத்தான் அது முக்கியம், உறைபனி எல்லாம் நுவரெலியாவுல ஜனவரி, பெப்ரவரி விடியல்ல புல்லு மேல மட்டும்தான்.

நானுஓயா_டீச்சர்

அருமையான விளக்கம். என் அனுபவத்தில் மலைப் பாதைக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது 12 வோல்ட் காற்றுப் பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும்தான். என் வேகன் ஆர்-ல் ஸ்பெயார் சில்லே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு போத்தல் பசையும் சின்னப் பம்பும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பசைக்குக் காலாவதித் திகதி உண்டு. ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளில் அது எப்போதோ முடிந்திருக்கும். பட்டிப்பொல, ஒஹிய பக்கம் மாலையில் பஞ்சரானால் சிக்னலும் இருக்காது, கடையும் இருக்காது.

ட்யூப்லெஸ் டயருக்கு ரப்பர் சரம் சொருகும் கருவி மலிவுதான். ஆணியைக் கழற்றி, ஓட்டையை அரத்தால் உராய்ந்து, பசை தடவிய சரத்தைக் குத்தி இழுக்க வேண்டும். கைப்பிடி டி வடிவில் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். நேர்க்கைப்பிடிக்கு என் போன்றவர்களின் கையில் பலம் போதாது. டயரின் பக்கச் சுவரில் ஓட்டை என்றால் இது செய்யவே கூடாது. பம்பை லைட்டர் சொக்கட்டில் போடும்போது இஞ்சின் ஓடட்டும். தலையில் கட்டும் டோர்ச் ஒன்றும் வேண்டும். பனிமூட்டத்தில் போனை வாயில் கவ்விக்கொண்டு நட்டுக் கழற்ற முடியாது.

யாழ்_டு_நுவரெலியா

வேலை மாறி இங்க வந்தபிறகு விடியக் காலையிலை கார் ஸ்டார்ட் எடுக்க மாட்டன் எண்டுது. யாழ்ப்பாணத்திலை ஒரு பிரச்சினையும் இல்லை. பெற்றரி மாத்தச் சொல்லினம். மாத்தவோ?

கம்பளை_கணக்கு

அவசரப்படாதீங்க அண்ணா. மல்டிமீட்டர் ஒண்ணு வாங்குங்க, இந்த இழையிலயே காசுக்கு அதிக வேலை செய்யுற சாமான் அதுதான். இரவு நிறுத்தி வச்ச வண்டியில காலையில 12.6 வோல்ட் இருந்தா பேட்டரி நிறைஞ்சிருக்கு, 12.2 இருந்தா பாதிதான். இஞ்சின் ஓடுறப்ப 13.8க்கும் 14.4க்கும் நடுவுல இருக்கணும். அது இல்லாட்டி குறை ஓல்டர்நேட்டர்ல (ஓடுறப்ப பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கிற சாமான்), புது பேட்டரியும் ஒரு மாசத்துல படுத்துடும். ஸ்டார்ட் பண்ணுற நேரம் 10க்குக் கீழ விழுந்தா பேட்டரி பலம் போச்சு. குளிர்ல பேட்டரியோட வேகம் குறையும், ஒயிலும் கெட்டியா இருக்கும், அதனால வடக்குல சமாளிச்ச பேட்டரி இங்க காட்டிக் கொடுத்துடும். முதல்ல முனையில பூத்திருக்கிற வெள்ளைப் பூவைச் சுடுதண்ணியும் அப்பச்சோடாவும் போட்டுக் கழுவி இறுக்குங்க.

யாழ்_டு_நுவரெலியா

கழுவிப் பாத்தன். 12.1 காட்டுது, ஓடேக்கை 14.2. அப்ப பெற்றரிதானே?

கம்பளை_கணக்கு

சார்ஜர்ல ஒரு இரவு போட்டு, எடுத்து வச்சு நாலஞ்சு மணி நேரம் கழிச்சு அளந்து பாருங்க. திரும்பவும் 12.2க்கு இறங்கினா ஆமா, பேட்டரிதான். வேகன் ஆர் மாதிரி நின்னா இஞ்சின் தானா நிக்கிற வண்டியா இருந்தா அதுக்குன்னு வர்ற வகையைத்தான் (வேகன் ஆர்னா கே-42) போடணும், சாதாரண பேட்டரி போட்டா சீக்கிரம் செத்துடும்.

பதுளை_டவுன்ஏஸ்

ஸ்கேனர் பத்தி யாரும் பேசலையே. இஎல்எம் 327ன்னு சின்னப் பெட்டி, வண்டிக் கம்ப்யூட்டர் சொல்ற குறையைப் போன்ல பாக்கலாமாம்.

ஜப்பான்_சாமான்

ஆசைப்பட்டு வாங்குறவங்க அதிகம், அதனால சொல்றேன். 2000 பக்கத்து ஜப்பான் வண்டியில 16 முனை சொருகி இருந்தாலும் உள்ள பேசுற பாஷை வேறயா இருக்கும், மலிவுப் பெட்டி இணையாது. அந்த சன்னிக்கு இது வேண்டாம். ஆல்டோ, புது வேகன் ஆர், அக்வா இதுக்கெல்லாம் பயன்படும். ஐபோன் வச்சிருக்கிறவங்க பழைய புளூடூத் வகையை வாங்காதீங்க, இணையாது, வைஃபை வகை பாருங்க.

ஸ்கேனர் குறையோட பேரைத்தான் சொல்லும், எந்தச் சாமானை மாத்தணும்னு சொல்லாது. பி0420ன்னு குறை எண் வந்த உடனே கேட்டலிட்டிக் கன்வர்டரை (புகையைச் சுத்தம் பண்ணுற சாமான்) மாத்தச் சொல்ற ஆளுங்க இருக்காங்க, சைலன்சர்ல ஒரு சின்னக் கசிவும் அதே எண்ணைக் காட்டும். கராஜுக்குப் போக முன்னாடி எண்ணைக் குறிச்சு வச்சுக்கிட்டா பேரம் பேசலாம், அதுக்கு நல்லது. ஆனா பாஸ் சொன்ன ஸ்டாண்டுக்கு அப்புறம்தான் இது.

கொட்டகலை_ஆல்டோ

எல்லாருக்கும் பெரிய நன்றி. 108 பெட்டி வாங்கல. ஸ்டாண்ட், 2 தொன் டிரொலி ஜேக், ஆறு முக சொக்கட் தனித்தனியா, மல்டிமீட்டர், கேஜ் வாங்கியாச்சு. கட்டை அறுக்கக் கொடுத்திருக்கேன். டபிள்யூடி-40யும் ஒண்ணு எடுத்தேன். பழைய ஒயிலை என்ன செய்றது? பக்கத்து வீட்டு அண்ணன் கான்ல (வடிகால்ல) ஊத்தச் சொல்றார்.

டிக்கோயா_பாஸ்

கான்ல ஊத்தவே கூடாது. கொட்டகலைத் தண்ணி கொத்மலை ஓயா வழியா மகாவலிக்குப் போகுது, எங்க பக்கத்துத் தண்ணி காசல்ரீ வழியா களனிக்கு, அது கொழும்புக்காரங்க குடிக்கிற தண்ணி. அதுக்கு முன்னாடி நம்ம லயத்துப் பீலியே இருக்கு. மூடி உள்ள கேன்ல சேத்து சேவிஸ் ஸ்டேஷன்ல கொடுங்க, பழைய ஒயில் எடுக்க அங்க ஆள் வரும். புது ஒயில் டின் காலியானதும் அடியில ஓட்டை போட்டுட்டுத் தூக்கிப் போடுங்க, காலி டின்ல போலி ஒயில் அடைச்சு விக்கிறவனுக்கு உதவி செய்யாதீங்க.

டபிள்யூடி-40 துருவை இளக்கவும் ஈரத்தை விரட்டவும்தான். கதவுக் கீலுக்கு, பிரேக் பின்னுக்கு அது கிரீஸ் ஆகாது. பிரேக் பின்னுக்கு அதுக்குன்னு உள்ள சிலிக்கன் கிரீஸ், சில்லு உக்கார்ற ஹப்புல மெல்லிசா கொப்பர் கிரீஸ். டிஸ்க்லயும் பேட்லயும் ரெண்டுமே படக் கூடாது.

கொட்டகலை_ஆல்டோ

சரி பாஸ். ஞாயித்துக்கிழமை சன்னியில ஒயில் மாத்தலாம்னு இருக்கேன்.

டிக்கோயா_பாஸ்

முன்பக்கம் மேட்டைப் பாக்குற மாதிரி நிறுத்துங்க, பின் சில்லு ரெண்டுக்கும் பின்னாடி கட்டை. இஞ்சினை அஞ்சு நிமிஷம் ஓட விட்டு நிறுத்துங்க, கொதிக்கிற ஒயில்ல கை வைக்காதீங்க. பிளக்கைக் கழட்ட முன்னாடி மேல ஒயில் ஊத்துற மூடி கையால திறக்குதான்னு பாருங்க, ஒயிலை வடிச்சிட்டு மூடி திறக்காம நின்னா வண்டியை நகத்த முடியாது. முன்பக்கம் தூக்கினபடியே முழுசா வடியாது, வடிஞ்சு நின்னதும் நீங்க வெளிய வந்து, ஸ்டாண்டை எடுத்து மெதுவா இறக்கி மிச்சத்தை வடிய விட்டுட்டுத் திரும்பத் தூக்குங்க. பிளக் 14, வாஷர் புதுசு. ஃபில்டர் ரப்பர்ல கொஞ்சம் புது ஒயில் தடவி, கையால மட்டும் இறுக்குங்க.

வெலிமடை_மரக்கறி

தம்பி, பழைய ஃபில்டரோட ரப்பர் வண்டியில ஒட்டிக்கிட்டு இருக்கான்னும் பாருங்க. ரெண்டு ரப்பர் சேந்தா ரோட்டுல முழு ஒயிலையும் கக்கிடும்.